பம்பாய்-17: தாராவித் தெருப்பாட்டும் அதன் தூரத்து உறவும்

தாராவியில் பிறந்து வளர்ந்த என் தலைமுறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முகவரி எழுதும் இடம் வந்தால் கை சற்றுத் தயங்கும். 'தாராவி, பம்பாய்-17' என்று எழுதவேண்டிய இடத்தில் சயான் என்று எழுதுவோம். துணிச்சல் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மாட்டுங்கா என்று எழுதுவோம். 1979-இல் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனிக்கு நான் வேலைக்கு மனுப் போட்டபோது என் தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்க மாமா வீட்டு அட்ரஸைப் போடுடா. பதினேழுன்னு பார்த்தா கவரையே பிரிக்கமாட்டான்" என்றார். மாமா வீடு மாட்டுங்காவில். 400019. இரண்டே எண்தான் வித்தியாசம். அந்த இரண்டு எண்ணுக்காக எத்தனை பேர் எத்தனை உறவினர் வீட்டு முகவரியை இரவல் வாங்கியிருப்போம் என்பது மும்பைத் தமிழர் வரலாற்றில் எழுதப்படாத ஓர் அத்தியாயம்.

2019-இல் தாராவியைச் சேர்ந்த எம்.சி. ஆல்டாஃப் என்னும் இளைஞர் ஒரு ராப் பாட்டு வெளியிட்டார். அதன் பெயர் 'கோட் மும்பை 17'. நாங்கள் மறைத்த எண்ணையே அவர் பாட்டுக்குத் தலைப்பாக வைத்துவிட்டார். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் இது எப்படி நடந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. விடையில் ஒரு பாதி நம் தாராவித் தெருவில் இருக்கிறது. மறுபாதி, வாசக அன்பர்கள் வியப்படையக்கூடும், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1970-களின் இறுதியில் தோன்றிய ஓர் இசைக்குழுவின் கதையோடு ஒத்துப்போகிறது. ஒன்று மற்றொன்றுக்கு நேரடியாகப் பிறந்தது என்று நான் சொல்லவரவில்லை. தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் இரண்டு பேரைப் பார்க்கிறோம், ஒருவரையொருவர் தெரியாது, ஆனால் மூக்கும் நெற்றியும் ஒரே அச்சாக இருக்கும். அதுபோல.

முதலில் அந்த வாஷிங்டன் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் 'பேட் பிரெய்ன்ஸ்'. நான்கு பேர், நால்வரும் கறுப்பின இளைஞர்கள். பாடகர் பால் ஹட்சன் (எச்.ஆர். என்று அழைப்பார்கள்), அவருடைய தம்பி ஏர்ல் ஹட்சன் டிரம்ஸ், கேரி மில்லர் கிதார், டாரில் ஜெனிஃபர் பேஸ் கிதார். தொடக்கத்தில் இவர்கள் 'மைண்ட் பவர்' என்ற பெயரில் ஜாஸ் கலப்பிசை வாசித்தவர்கள். அதாவது முறையாகக் கை பழகியவர்கள். அந்தக் காலத்தில் லண்டனிலும் நியூயார்க்கிலும் 'பங்க்' என்னும் இசை கிளம்பியிருந்தது. மூன்று சுரக்கட்டு தெரிந்தால் போதும், மேடை ஏறலாம், கோபத்தைக் கொட்டலாம் என்பது பங்க்கின் கொள்கை. இந்த நால்வரும் அதைக் கேட்டுவிட்டு 1977 வாக்கில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். 'ரமோன்ஸ்' என்ற நியூயார்க் பங்க் குழுவின் பாட்டு ஒன்றின் தலைப்பிலிருந்து வந்ததே புதுப் பெயர். ஜாஸ் வாசித்த விரலால் பங்க் வாசித்தால் என்ன ஆகும்? வேகம் கூடிப்போயிற்று. நம் ஊர்க் கச்சேரியில் மிருதங்கக்காரர் தனியாவர்த்தனத்தின் கடைசியில் மூன்றாம் காலத்துக்குப் போவாரே, அந்த வேகத்திலேயே முழுப் பாட்டையும் தொடங்கி முடித்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். 1980-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டுப் பாட்டு சுமார் ஒன்றரை நிமிடம்தான். இந்த அதிவேக, அதிசத்தப் பிரிவுக்குத்தான் பின்னால் 'ஹார்ட்கோர் பங்க்' என்ற பெயர் நிலைத்தது.

இவர்களுக்கு வந்த சோதனை என்னவென்றால், வாஷிங்டனின் இசைக்கூடங்கள் இவர்களை ஒதுக்கின. ரசிகர்கள் துள்ளிக் குதித்து மேசை நாற்காலியை உடைக்கிறார்கள் என்பது வெளியில் சொன்ன காரணம். வெள்ளைக்காரப் பையன்கள் மட்டுமே வாசிப்பார்கள் என்று எல்லாரும் நினைத்திருந்த இசையை நான்கு கறுப்பர்கள் வாசித்தார்கள் என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அழவில்லை. 'வாஷிங்டனில் தடைசெய்யப்பட்டவர்கள்' என்ற பொருளில் ஒரு பாட்டே கட்டிவிட்டு நியூயார்க்குக்குக் கிளம்பினார்கள். அங்கே 'சிபிஜிபி' என்ற கூடம் இவர்களை ஏற்றுக்கொண்டது. 1982-இல் வந்த இவர்களுடைய முதல் முழுத் தொகுப்பு, 'ரோயர்' என்ற சிறு நிறுவனத்தின் மூலம் கேசட்டாக மட்டும் வெளியாயிற்று. பெரிய கம்பெனியின் பளபளப்பான இசைத்தட்டு அல்ல. கையில் அடங்கும் கேசட். நம்மவர்களுக்குக் கேசட்டின் மகிமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் பதிவுசெய்துகொள்வார்கள். அந்த ஒரு கேசட்டைக் கேட்டுத் தனித்தனியாகக் குழு தொடங்கியவர்கள் அமெரிக்கா முழுவதும் இருந்தார்கள்.

ஒரு சுவையான செய்தி. இவர்கள் தங்கள் தத்துவமாக எடுத்துக்கொண்டது நெப்போலியன் ஹில் 1937-இல் எழுதிய பணக்காரர் ஆவது எப்படி என்ற புகழ்பெற்ற புத்தகத்தை! பாடகரின் தகப்பனார் படிக்கச் சொல்லிக் கொடுத்ததாம். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடையில் இன்றைக்கும் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதே புத்தகந்தான். நம் வீட்டுப் பையன்கள் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு முன்னால் வாங்கும் புத்தகத்திலிருந்து அவர்கள் 'நேர்மறை மனப்பான்மை' என்ற சொல்லை எடுத்துப் பாட்டில் வைத்தார்கள். கூடவே ஜமைக்கா நாட்டின் ராஸ்தஃபாரி சமயத்தில் ஈடுபாடு கொண்டு, அதிவேகப் பாட்டுகளுக்கு நடுவே நிதானமான ரெகே இசையையும் வாசித்தார்கள். குறையே இல்லாதவர்கள் என்று எண்ண வேண்டாம். தன்பாலின ஈர்ப்புடையவர்களிடம் அவர்கள் காட்டிய வெறுப்பு அன்றைக்கே சக இசைக்காரர்களின் கண்டனத்துக்கு ஆளாயிற்று. ஒதுக்கப்பட்டவன் இன்னொருவனை ஒதுக்கமாட்டான் என்று எந்தச் சாஸ்திரமும் உத்தரவாதம் தரவில்லை.

அவர்கள் செல்வாக்கு இரண்டு வழியாகப் பரவியது. ஒன்று, வாஷிங்டனிலேயே அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பள்ளி வயதுப் பையன்கள். அவர்களில் இயன் மெக்கே, ஜெஃப் நெல்சன் என்ற இருவர் 1980-இல் 'டிஸ்கார்ட்' என்ற பெயரில் தாங்களே ஒரு சிறு இசைத்தட்டு வெளியீட்டகம் தொடங்கினார்கள். தட்டின் உறையைக் கத்தரித்து மடித்து ஒட்டியதெல்லாம் நண்பர்கள் கையால். இவர்களுடைய 'மைனர் த்ரெட்' குழு குடியும் போதையும் வேண்டாம் என்று பாடியது என்று சொன்னால் நம் சங்கப் பெரியவர்கள் மகிழ்ச்சி அடைவார்கள். இரண்டாவது வழிதான் நமக்கு முக்கியம். நியூயார்க்கில் பேட் பிரெய்ன்ஸைக் கேட்டு வளர்ந்த 'பீஸ்டி பாய்ஸ்' 1981-இல் ஹார்ட்கோர் பங்க் குழுவாகத் தொடங்கி, சில ஆண்டுகளில் ராப்புக்கு மாறினார்கள். அவர்களுடைய 1986-ஆம் ஆண்டுத் தொகுப்புதான் அமெரிக்காவின் மொத்த விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் தொகுப்பு. ஆக, ஹார்ட்கோர் பங்க்கும் ராப்பும் இரண்டு வேறு ஊர்கள் அல்ல. ஒரே ஊரின் இரண்டு தெருக்கள். கிதார் கையில் இருந்தவன் பங்க் பாடினான். கிதார் வாங்கக் காசு இல்லாதவனுக்கு வாயே வாத்தியம்.

மும்பையில் ராக் இசை இல்லாமல் இல்லை. 1980-களிலேயே 'ராக் மெஷின்' போன்ற குழுக்கள், தோபி தலாவில் ரங் பவன் கச்சேரிகள், இண்டிபெண்டன்ஸ் ராக் விழா என்று கல்லூரி மாணவர்களிடையே ஒரு பெரிய கூட்டம் இருந்தது. 2010-களில் 'தி ரயட் பெட்லர்ஸ்' என்று அசல் பங்க் குழுவே ஒன்று இந்நகரில் வாசித்தது. ஆனால் கிதாரும் ஆம்ப்ளிஃபயரும் பயிற்சிக்குத் தனி அறையும் தேவைப்படும் இசை, பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுக்கும் தாராவிக்கு எப்படி வரும்? தாராவிக்கு வந்தது கைப்பேசியில் ஓடும் தாளமும் அதன்மேல் பேசும் வாயும்தான்.

இனி நம்ம தெருவுக்கு வருவோம்.

தாராவித் தமிழர் வரலாறு தோலில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையின் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் இங்கே தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தார்கள். பாந்த்ராவில் இறைச்சிக்கூடம் இருந்ததால் பச்சைத் தோல் பக்கத்திலேயே கிடைத்தது. 1971-இல் இறைச்சிக்கூடம் தேவனாருக்குப் போன பிறகும் தொழில் உடனே அற்றுப்போகவில்லை. என் தகப்பனார் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற காலோடு வீட்டுக்கு வருவார். அந்த வாடை எங்கள் பள்ளிச் சட்டை வரைக்கும் ஏறும். தோல் இருக்கும் இடத்தில் பறை இருக்கும். அம்மன் கொடை வந்தால் பறை, நையாண்டி மேளம், இரவெல்லாம் வில்லுப்பாட்டு. வில்லுப்பாட்டில் முன்பாட்டுக்காரர் ஒரு வரி சொல்வார். பின்னால் இருப்பவர்கள் கடைசிச் சொல்லைப் பிடித்து "ஆமா" போடுவார்கள். இன்றைய ராப் பையன்களைக் கவனியுங்கள். ஒருவன் வேகமாகச் சொல்லிக்கொண்டு போவான். கூட நிற்பவன் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லிலும் சேர்ந்துகொள்வான். அவன் நியூயார்க்கிலிருந்து கற்றதாகச் சொல்வான். சரி, இருக்கட்டும். அவன் பாட்டன் அதைச் சுடலைமாடன் கதையில் செய்துகொண்டிருந்தார்.

தாராவியை ஒட்டியே மாட்டுங்கா லேபர் கேம்ப். இங்கே தமிழரும் மராத்தித் தலித் மக்களும் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்தார்கள். 1940-களில் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் 'லால் பாவ்டா' கலைக்குழுவில் பாடிய அண்ணாபாவ் சாட்டே இந்த லேபர் கேம்ப்பில் இயங்கியவர். சாஹிர் என்று மராத்தியில் சொல்வார்கள். டஃப் அடித்துக்கொண்டு தெருமுனையில் நின்று, கூலி, வீடு, சாதி என்று நாட்டு நடப்பைப் பாட்டாகச் சொல்பவர். வாமன்தாதா கர்டக் போன்றவர்கள் அம்பேத்கரின் சொல்லை ஆயிரக்கணக்கான பாட்டுகளில் சேரி சேரியாகக் கொண்டுபோனார்கள். 1972-இல் மும்பையில் தலித் பாந்தர்ஸ் இயக்கம் தோன்றியபோது, 1966-இல் அமெரிக்கக் கறுப்பர்கள் தொடங்கிய பிளாக் பாந்தர் கட்சியின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. எனவே தாராவிப் பையன் கறுப்பர் இசையை எடுத்துக்கொண்டதை நாகரிக மோகம் என்று தள்ளுபவர்கள், இந்நகரத்துச் சேரிகள் கறுப்பர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்து நெடுநாளாகிறது என்பதை அறிய வேண்டும்.

அந்தப் பாட்டுக்கு இந்நகரத்தில் கொடுத்த விலையும் சிறிதல்ல. 1997 ஜூலை 11 அன்று காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கண்டித்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். சில நாட்களில், அதைத் தாங்கமாட்டாமல் விலாஸ் கோக்ரே என்னும் மக்கள் பாடகர் தம் குடிசையில் தூக்கிட்டுக்கொண்டார். ஆனந்த் பட்வர்தன் எடுத்த 'ஜெய் பீம் காம்ரேட்' என்ற ஆவணப்படம் அவர் மரணத்தில்தான் தொடங்குகிறது. பார்க்காதவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கவேண்டிய படம்.

தமிழர் பக்கத்தில் இதற்கு இணையாக ஒரு தெருப்பாட்டு மரபு ஏன் வளரவில்லை? காரணம் ஓரளவு தெளிவு. 1966-இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியர்களுக்கு எதிராக, லுங்கியைக் கேலிசெய்து கோஷம் போட்ட ஆண்டுகளில் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்ளக் கற்றோம். மாட்டுங்கா ஓட்டல்களில் கண்ணாடி உடைந்ததை நேரில் பார்த்தவர்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள். தெருவில் தமிழில் உரக்கப் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். நம்முடைய இசை கதவு உள்ள இடங்களுக்குள் போய்விட்டது. வசதியுள்ளவர்களுக்கு 1952-இல் தொடங்கிய சண்முகானந்த சபை. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சபை. எம்.எஸ். பாடிய மேடைக்கு நானும் டிக்கெட் வாங்கிப் போனவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சண்முகானந்தாவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். அந்தச் சிறிய தூரத்தைத் தாண்டி ஒரு பறை அந்த மேடைக்குப் போன நாளை நான் பார்த்ததில்லை. தாராவிக்குள் எங்களுக்குக் கோயில் கொடையும், சினிமாப் பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழுவும், தைப்பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாகப் பொங்கும் பானைகளின் குலவையுமே இசை.

இந்தப் பின்னணியில்தான் 2010-களின் தொடக்கத்தில் 'டோப்அடெலிக்ஸ்' என்ற குழு தாராவியில் உருவாயிற்று. பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். எனக்கும் அந்தப் பெயர் உவப்பானதல்ல. போதைப் பொருளைப் பெயரில் சுமக்கும் பையன்களைச் சங்க மலரில் எழுதலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். 'கெட்ட மூளைகள்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்ட வாஷிங்டன் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஊர் வைக்கப்போகும் வசைப்பெயரை முந்திக்கொண்டு தானே சூட்டிக்கொள்வது இந்த வகை இசையின் குணம். டோனி செபாஸ்டியன் (மேடைப்பெயர் ஸ்டோனி சைக்கோ), ராஜேஷ் ராதாகிருஷ்ணன் (டோப் டாடி) ஆகியோர் குழுவின் முக்கியக் குரல்கள். தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் நான்கிலும் பாடுகிறார்கள். நான்கும் அவர்கள் வீட்டு மொழிகள் அல்ல; நான்கும் அவர்கள் தெரு மொழிகள்.

அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு மராத்தித் தலைப்பு: 'ஆயி ஷப்பத் சாஹேப் மீ நவ்தோ'. "அம்மா சத்தியமா ஐயா, அது நான் இல்லே" என்று பொருள். சேரிப் பையன்களைப் போலீஸ் பிடித்து அலைக்கழிப்பதைப் பற்றிய பாட்டு. தாராவியில் மீசை முளைத்த எந்தப் பையனும் இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது சொல்லியிருப்பான். நானும் சொல்லியிருக்கிறேன். இதில் நான் நெடுநேரம் யோசித்த விஷயம், இவர்கள் ஏன் இதைத் தமிழில் தலைப்பிடவில்லை என்பது. யோசித்தால் விளங்கும். கான்ஸ்டபிளுக்கு முன்னால் நிற்கும்போது எந்த மொழியில் கெஞ்சுகிறோமோ அந்த மொழியில்தான் அந்தப் பாட்டு பிறக்க முடியும். தமிழில் கெஞ்சினால் இன்னும் ஓர் அறை கூடுதலாக விழும், 'மதராஸியா நீ?' என்ற கேள்வியும் சேர்ந்து வரும். ஆக, கெஞ்சுவதற்கு மராத்தி. மேலே சொன்ன சாஹிர்களின் பாட்டு நாற்பதுகளிலிருந்து லேபர் கேம்ப்பின் காற்றில் இருந்த மொழியும் அதுவே. சங்கத்தில் சிலர் "நம்ம பசங்க தமிழை விட்டுட்டாங்க" என்று வருந்துகிறார்கள். என் கணிப்பு வேறு. யாரிடம் பேசுகிறோமோ அவன் மொழியில் பேசுவது என்பது தாராவியில் ஒரு தொழில்திறம். குஜராத்திச் சேட்டிடம் தோல் விற்றவரும், மராத்திக் கார்ப்பரேட்டரிடம் குழாய்த் தண்ணீர் கேட்டவரும் இதைத்தான் செய்தார்கள்.

தமிழ் எப்போது வந்தது? சொந்த ஜனங்களிடம் பேசவேண்டி வந்தபோது வந்தது. பா. இரஞ்சித் இயக்கி ரஜினிகாந்த் நடித்த 'காலா' 2018 ஜூன் 7 அன்று வெளியாயிற்று. நெல்லையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பத்தின் கதை, நிலத்தைக் காக்கும் கதை. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் இந்தக் குழுவை அழைத்துப் பாடவும் எழுதவும் வைத்தார். 'செம்ம வெயிட்டு', 'தெருவிளக்கு', 'போராடுவோம்', 'நிக்கல் நிக்கல்' என்று அந்தப் படத்தின் பல பாட்டுகளில் இவர்கள் பங்கு உண்டு. படத்தில் வரும் தாராவியில் பெரும்பகுதி சென்னைக்கு அருகே போட்ட செட். குடிசையும் சந்தும் தச்சுவேலை; அந்த ராப் குரல்கள் மட்டும் அசல் தாராவிச் சரக்கு. 'நிக்கல் நிக்கல்' என்ற தலைப்பைக் கவனியுங்கள். 'வெளியே போ' என்பதற்கான இந்திச் சொல். நிலத்தைப் பிடுங்க வருபவனை விரட்ட இந்தி. கூட நிற்பவனை அழைக்கத் தமிழில் 'போராடுவோம்'. நான் மேலே சொன்ன தொழில்திறம் படத்துக்குள்ளும் அப்படியே இருக்கிறது.

தமிழ் ராப்புக்கு இது முதல் படி அல்ல. 1994-இல் 'காதலன்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் பேட்டை ராப் போட்டார். சென்னைச் சேரித் தமிழ் அன்றைக்கே தாளத்தில் ஏறியது. 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்திராவும் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதே யோகி பி 'காலா'வில் 'கற்றவை பற்றவை' பாடினார். மலேசியத் தோட்டத் தமிழன் வாரிசும் தாராவித் தோல்தொழில் தமிழன் வாரிசும் ஒரே படத்தின் பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது, புலம்பெயர்ந்தவர் பிள்ளைகள் என்ற முறையில், எனக்குப் படத்தைவிடப் பெரிய செய்தி. அதே ஆண்டு ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடத்தியது. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதி பேதமற்ற' என்ற தொடரிலிருந்து பெயர் எடுத்த குழு. கானா, ராப், ராக் மூன்றையும் கலந்தது. சென்னையின் மேடையும் தாராவியின் தெருவும் ஒரே இயக்குநரின் முயற்சியால் ஒரே ஆண்டில் பேச்சுக்கு வந்தன.

தாராவியில் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 'செவன் பண்டாய்ஸ்' போன்ற குழுக்கள், ஹிப்-ஹாப் சொல்லித் தரும் மாலைப் பள்ளி, 2019 பிப்ரவரியில் 'கல்லி பாய்' என்ற இந்திப் படம். அந்தப் படத்துக்குப் பிறகு தாராவி ராப்புக்கு விளம்பரக் கம்பெனிகள் தேடிவந்தன. காமிராவோடு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். இதில் எனக்கு அரை மகிழ்ச்சிதான். பையன்களுக்குக் கொஞ்சம் காசு கிடைத்ததில் மகிழ்ச்சி. வறுமையைக் காட்சிப் பொருளாக்கும் பழைய வியாபாரம் புதுத் தாளத்தோடு நடப்பதில் வருத்தம். இன்னொரு குறை. இந்தக் குழுக்களில் பெண் குரல் அரிது. வாஷிங்டனிலும் இதே கதை. சென்னைக் குழுவில் இசைவாணி என்ற கானாப் பாடகி தனித்து நின்றார், 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. தொண்ணூறு அடிச் சாலையில் குலவை போடும் கூட்டத்தில் ஒரு பெண்ணாவது மைக்கைப் பிடிக்கும் நாள் வந்தால், அந்தப் பாட்டில் போலீஸ்காரர் மட்டுமல்ல, நாமும் மாட்டிக்கொள்வோம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் எடுத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்னால் குடியிருந்ததற்குச் சான்று உள்ள தரைத்தளக் குடும்பங்களுக்குத் தாராவிக்குள் வீடு. மற்றவர்களுக்கு வெளியே எங்காவது வீடு என்பது திட்டம். சுமார் 600 ஏக்கரில் யார் உள்ளே, யார் வெளியே என்று கணக்கெடுப்பு நடந்தது. 'காலா'வில் பாட்டாக இருந்தது வீட்டு வாசலில் எண்ணாக எழுதப்பட்டது. மேல்தளத்தில் வாடகைக்கு இருந்து ராப் எழுதும் பையன் நாளை எந்த எண்ணைத் தலைப்பாக வைப்பான்?

பேட் பிரெய்ன்ஸின் 1982-ஆம் ஆண்டுக் கேசட் பின்னால் இசைத்தட்டாகவும் குறுந்தட்டாகவும் மறுபடி மறுபடி வெளியிடப்பட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. டோப்அடெலிக்ஸ் பாட்டுகளும் இணையத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. என் கவலை அவர்களுக்கு முந்தைய தலைமுறை பற்றியது. எங்கள் தெரு அம்மன் கொடையில் இருபது ஆண்டு வில்லடித்தவரின் குரல் ஒரு நிமிடம்கூட என்னிடம் இல்லை. அவர் பெயரே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. எழுபது, எண்பதுகளில் வளைகுடா நாடுகளிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில் கொடையையும் கல்யாண மேளத்தையும் பிடித்து வைத்த குடும்பங்கள் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நிச்சயம் உண்டு. பரணில், பழைய ட்ரங்குப் பெட்டியில், நாஃப்தலின் உருண்டைகளுக்கு நடுவே அந்தக் கேசட்டுகள் இருக்கலாம். வீடு மாறும் அவசரத்தில் பழைய சாமான்காரனுக்குப் போடுவதற்கு முன்னால் சங்க அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். நாடா சிக்கியிருந்தாலும் பரவாயில்லை. பிரித்துச் சுற்றி வேறு கூட்டில் போட்டுக் கேட்கவைக்கிற கை நம்மிடையே இன்னும் ஒன்றிரண்டு இருக்கிறது. கேசட் மேல் தேதியும் தெருப் பெயரும் எழுதிக் கொடுத்தால் நல்லது. முகவரியில் 400017 என்றே எழுதுங்கள்.